கடற்கரை வீட்டில் டிவி சத்தம் சரியில்லையா? கோளாறு வாரியாக ஒரு வழி, சவுண்ட் பார் வாங்கும் முன்பும் பின்பும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோரம் முழுக்க டிவி மாட்டுவதும் சத்தக் கோளாறு பார்ப்பதும் என் வேலை. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கிரிக்கெட்டும் அந்த நேரத்தில்தான் ஓடும், எனக்குப் போனும் அப்போதுதான் அதிகம் வரும். "டிவி சத்தம் சரியில்லண்ணே, நல்ல சவுண்ட் பாரா ஒண்ணு சொல்லுங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. சவுண்ட் பார் என்பது டிவிக்கு அடியில் வைக்கும் நீளமான தனி ஸ்பீக்கர், இனிமேல் சுருக்கமாகப் பார் என்றே சொல்கிறேன்.

நான் உடனே எந்த மாடலையும் சொல்வதில்லை. என்ன கோளாறு என்று முதலில் கேட்பேன், ஏனென்றால் பாதிக் கோளாறுகள் ரிமோட்டிலேயே தீர்ந்துவிடும், மீதிக்கு எந்த மாதிரி பார் வேண்டும் என்பதை அந்தக் கோளாறே சொல்லிவிடும். இன்னொன்று, மதுரைக்காரர் பார்க்காத ஒரு விஷயத்தை நாம் பார்த்தாக வேண்டும். உப்புக் காற்று. எத்தனை வாட் என்பதைவிட எந்த ஒயரில் இணைக்கிறோம் என்பது இங்கே முக்கியம்.

கீழே உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத வழியில் தொடங்கிச் செலவுள்ள வழிக்குப் போகிறேன்.

கோளாறு 1: பேச்சு புரியவில்லை, பாட்டும் சண்டையும் மட்டும் காதைக் கிழிக்கிறது

பத்து வீட்டில் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பேசும்போது ஏற்றி, பாட்டு வந்ததும் இறக்கி, அப்படியே படம் முடிந்துவிடும்.

*எல்லாச் சேனலிலும் இப்படியா, சிலதில் மட்டுமா?*

செய்தியில் பேச்சு தெளிவாக இருந்து, நெட்பிளிக்ஸ், பிரைம் மாதிரி ஆப்களில் மட்டும் பேச்சு அமுங்கினால் டிவியில் கோளாறு இல்லை. படம் ஓடும்போது ஆடியோ என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தமிழ் 5.1, தமிழ் என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து வைத்த சத்தத்தை அதில் திணிக்கும்போது முதலில் அடிபடுவது பேச்சுதான்.

எல்லாவற்றிலும் பேச்சு அமுங்கினால் இந்த வரிசையில் பாருங்கள்:

- டிவியின் சவுண்ட் மோடு மூவி, மியூசிக், ஸ்டேடியம் என்று எதிலாவது இருந்தால் ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். கிளியர் வாய்ஸ், வாய்ஸ் ஜூம், ஸ்பீச் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் பேச்சுக்கான வசதி இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். சரவுண்ட் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.
- பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டுங்கள்.
- செட்டாப் பாக்ஸின் வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துவிட்டு, டிவி ரிமோட்டில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். பாக்ஸில் பாதி, டிவியில் முழுசு என்று பல வீட்டில் தலைகீழாக இருக்கிறது. அரசு கேபிள் பாக்ஸ் என்றாலும் டிஷ் என்றாலும் இது பொருந்தும்.
- ஆட்டோ வால்யூம் அல்லது நைட் மோடு இருந்தால் போட்டுப் பாருங்கள். பாட்டு ஏறாமலும் பேச்சு இறங்காமலும் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் டிவி இருக்கும் இடம். இப்போதுள்ள மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோதான் பார்க்கிறது, நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அதைக் கொண்டுபோய் ஷோகேஸ் மாடத்துக்குள் மூன்று பக்கமும் மரம் அடைக்க வைத்தால் பேச்சு உள்ளேயே சுற்றும். அப்படி இருந்தால் டிவியை மாடத்தின் விளிம்பு வரை முன்னால் இழுத்து வையுங்கள். கீழே சலவைத் துணி, பொம்மை என்று அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

*வீட்டில் ஒருவருக்கு மட்டும் புரியவில்லையா?*

இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் நான் கேட்டுவிடுவேன். பேரப்பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கிறது, அப்பாவுக்கு மட்டும் வால்யூம் 60 வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது டிவியை அல்ல. வருடக்கணக்கில் படகு இன்ஜின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்தவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம். முதலில் குறைவது பேச்சின் மெல்லிய எழுத்தொலிகள்தான், அதனால் "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல" என்பார்கள். சவுண்ட் பாருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். சில பேருக்கு அழுக்கு எடுத்தாலே சரியாகிவிடும்.

*ஃபேன் போட்டால் மட்டும் புரியவில்லையா?*

ஒரு நிமிடம் ஃபேனை அணைத்துக் கேளுங்கள். பேச்சு தெளிந்தால் ஃபேன்தான் காரணம். பேரிங் தேய்ந்த ஃபேன், வேகத்தைக் குறைத்தால் உறுமும் பழைய ரெகுலேட்டர், இரண்டையும் மாற்ற ஆகும் செலவு சவுண்ட் பார் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கச்சான் காற்றுக் காலத்தில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி பேச்சைத் தெளிவாகக் கேட்க எந்தப் பாராலும் வழி செய்ய முடியாது, அந்த ஒரு ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.

*இத்தனையும் செய்தும் புரியவில்லையா?*

சரி, இப்போது சவுண்ட் பார் வாங்கலாம். ஆனால் இந்தக் கோளாறுக்கு எந்தப் பார் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடைக்காரர் முதலில் காட்டுவது பெரிய சப்வூஃபர் (அதிரும் அடிச்சத்தத்துக்கென்று தனிப் பெட்டி) வைத்த 2.1. கடையில் பாட்டைப் போட்டுக் காட்டினால் நெஞ்சு அதிரும், பிடித்துப்போய் வாங்கி வருவீர்கள், வீட்டில் பேச்சு முன்பைவிட மோசமாகும். 2.1 என்றால் இடது, வலது, ஒரு சப்வூஃபர், அவ்வளவுதான். பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் வேண்டுமென்றால் எண் 3-ல் தொடங்க வேண்டும், 3.1 அல்லது 5.1. பேச்சு புரியவில்லை என்பதற்காக வாங்குகிறவர்கள் 3.1-க்குக் கீழே இறங்காதீர்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் சப்வூஃபரே இல்லாத, வாய்ஸ் மோடு உள்ள நல்ல கம்பெனியின் சின்ன 2.0 பார்கூட, பேர் தெரியாத கம்பெனியின் பெரிய 2.1-ஐவிட இந்த வேலையை நன்றாகச் செய்யும்.

கடையில் செய்தி சேனல் போடச் சொல்லுங்கள், பாட்டு வேண்டாம். வால்யூமைக் குறைத்து வைத்து, பத்தடி தள்ளி நின்று, வாசிப்பவர் சொல்வது புரிகிறதா என்று பாருங்கள்.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அட்டையில் ஆயிரக்கணக்கில் போட்டு பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட்) எவ்வளவு என்று கேளுங்கள். டிவியில் உள்ள ஸ்பீக்கர் பெரும்பாலும் 20 வாட்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு உண்மையான 80 வாட்டே தாராளம்.

நீளத்தையும் பாருங்கள். 32 இஞ்ச் டிவி சுமார் 71 சென்டிமீட்டர் அகலம், 43 இஞ்ச் சுமார் 95, 55 இஞ்ச் சுமார் 122. பார் டிவியைவிட நீளமாகப் போகாமல் இருப்பது நல்லது. டிவி காலில் நிற்கிறது என்றால் அடியில் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், ஏனென்றால் பார் உயரமாக இருந்தால் டிவியின் ரிமோட் கண்ணை மறைத்துவிடும். அப்புறம் "ரிமோட் வேலை செய்யல" என்று அதற்குத் தனியாக ஒரு போன் வரும்.

டால்பி அட்மாஸ் என்று கூரையில் சத்தத்தை எறிந்து எதிரொலிக்க வைக்கும் பார்கள் வருகின்றன. தட்டையான கான்கிரீட் தளம் உள்ள வீட்டுக்கு நல்லதுதான். ஓட்டு வீடு, சரிவான ஷீட் போட்ட வீடு என்றால் அந்தப் பணம் வீண், சத்தம் நம்மிடம் திரும்பி வராது.

கடைசியாக ஒரு கேள்வி கடையிலேயே கேட்டுவிடுங்கள்: சர்வீஸ் சென்டர் ராமநாதபுரத்தில் இருக்கிறதா, மதுரைக்குத்தான் போக வேண்டுமா, வீட்டுக்கு ஆள் வருவார்களா? ராமேஸ்வரத்திலிருந்து சப்வூஃபரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மதுரை போவது சாதாரண வேலை இல்லை.

கோளாறு 2: இசை கேட்கிறது, பேசுபவர் குரல் மட்டும் காணோம்

முதல் கோளாறு மாதிரி தெரியும், ஆனால் வேறு. இங்கே குரல் குறைவாக இல்லை, கிணற்றடியில் கேட்பதுபோல் எங்கோ இருக்கும், அல்லது சுத்தமாக இருக்காது.

டிவியிலிருந்தோ பாக்ஸிலிருந்தோ ஹெட்போன் பின் வழியாகவோ சிவப்பு வெள்ளை ஒயர் வழியாகவோ பாருக்குப் போயிருந்தால் அந்த ஒயர்தான். பின் முழுதாக உள்ளே போகாமல் இருக்கும், அல்லது ஒயருக்குள் எர்த் இழை அறுந்திருக்கும். அப்படி ஆனால் இடது வலது இரண்டிலும் பொதுவாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், இசை மட்டும் மிஞ்சும். பின்னைக் கழற்றித் துடைத்து அழுத்திச் செருகுங்கள். சரியாகவில்லை என்றால் வேறு ஒயர். புது ஒயருக்கும் போகவில்லை என்றால் டிவியின் அந்த ஜாக் தளர்ந்துவிட்டது, அதைக் கழற்றிப் பார்க்காமல் எச்.டி.எம்.ஐ. ஒயருக்கோ, வெளிச்சமாகச் சத்தத்தைக் கொண்டுபோகும் ஆப்டிக்கல் ஒயருக்கோ மாறிவிடுங்கள்.

கோளாறு 3: புதுப் பார் மாட்டியாச்சு, சத்தமே வரவில்லை

*முதலில் போனை ப்ளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டுப் போடுங்கள்.* பாட்டு வந்தால் பார் நன்றாக இருக்கிறது, கோளாறு டிவிக்கும் பாருக்கும் நடுவில். பாட்டும் வரவில்லை என்றால் கடைக்குப் போங்கள், மேலே படிக்க வேண்டாம்.

எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டிருந்தால்:

- டிவியில் மூன்று துளை இருக்கலாம், பாருக்கு அதில் ஒன்றுதான். ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். பாரிலும் அப்படியே.
- டிவி செட்டிங்கில் ஒரு கம்பெனிக்கு எனிநெட் பிளஸ், ஒன்றுக்கு சிம்ப்ளிங்க், இன்னொன்றுக்கு பிராவியா சிங்க் என்று பெயர் மாறும், எல்லாம் சி.இ.சி. என்ற ஒரே விஷயம், டிவியும் பாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வசதி. அது ஆனில் இல்லை என்றால் ஏ.ஆர்.சி. வேலை செய்யாது.
- சவுண்ட் அவுட்புட் டிவி ஸ்பீக்கரில் நிற்கிறதா பாருங்கள், வெளி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள்.
- டிஜிட்டல் ஆடியோ என்ற இடத்தில் பி.சி.எம். வையுங்கள். சில சேனலில் சத்தம் வருகிறது, சிலதில் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் தீர்வு. பி.சி.எம். வைத்தால் சரவுண்ட் போய் ஸ்டீரியோ வரும், அதனால் 5.1 வாங்கியவர்கள் மட்டும் ஆட்டோவையும் டால்பி டிஜிட்டலையும் முதலில் முயன்று பார்க்கலாம்.
- எதுவும் எடுபடவில்லை என்றால் டிவி, பார், பாக்ஸ் மூன்றையும் சுவிட்சில் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைப்பது கணக்கில் வராது. முதலில் டிவி, அப்புறம் பார் என்று ஆன் செய்யுங்கள்.

எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. 2009-ல் வந்த 1.4 பதிப்போடுதான் வந்தது. அதற்கு முந்தைய டிவியில் எத்தனை துளை இருந்தாலும் இது நடக்காது, ஆப்டிக்கல்தான் வழி.

ஆப்டிக்கல் ஒயர் போட்டிருந்தால்: ஒயரின் இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றாமலே அழுத்திச் செருகி வைத்திருப்பார்கள். கழற்றுங்கள். டிவி ஓடும்போது ஒயரின் மறுமுனையை உள்ளங்கையில் காட்டினால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஒயர் மடிந்து உள்ளே உடைந்திருக்கும், அல்லது டிவி செட்டிங்கில் ஆப்டிக்கல் ஆனில் இருக்காது.

கோளாறு 4: சத்தம் விட்டு விட்டு வருகிறது

ஆறு மாதம் நன்றாக ஓடிய பார் திடீரென்று இரண்டு நொடி சத்தம், ஒரு நொடி மௌனம் என்று ஆரம்பித்தால், கடற்கரை வீட்டில் நான் முதலில் கை வைப்பது எச்.டி.எம்.ஐ. பின்னில். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பளிச்சென்று இருக்க வேண்டிய தகடு மங்கி, பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். வாலிநோக்கத்து உப்பளக் காற்று அடிக்கும் வீடுகளிலும், பாம்பனில் கடலைப் பார்த்த ஹால்களிலும் இது சீக்கிரமே வந்துவிடுகிறது.

எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, செல்போன் சர்வீஸ் கடையில் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டு வாங்கிய திரவத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்து, ஒயரின் பின்னைத் துடையுங்கள். டிவியின் துளைக்குள் குச்சியை விட வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு மெல்லியது. பதிலாக, துடைத்த பின்னை மின்சாரம் இல்லாத நிலையில் பத்து முறை செருகி எடுங்கள், உரசலிலேயே உள்ளே படிந்தது வந்துவிடும். கால் மணி நேரம் காயவிட்டு ஆன் செய்யுங்கள். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ தேங்காய் எண்ணெயையோ தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்து இன்னும் கெடுக்கும்.

சில மாதத்தில் திரும்ப வந்தால் ஆப்டிக்கலுக்கு மாறுங்கள். அந்த ஒயரில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை, பூக்க உலோகத் தகடும் இல்லை. அட்மாஸ் போகாது, டிவி ரிமோட்டில் பார் வால்யூம் கூட்டவும் பெரும்பாலும் முடியாது, ஆனால் டால்பி டிஜிட்டல் 5.1 வரை தாராளமாகப் போகும். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் வாங்கும்போதே எச்.டி.எம்.ஐ., ஆப்டிக்கல் இரண்டும் உள்ள பாராகப் பார்த்து எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ப்ளூடூத் மட்டும் உள்ள பார் விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

*சப்வூஃபர் மட்டும் விட்டு விட்டு வந்தால்?* அது ஒயர் இல்லாமல் பாரோடு பேசுகிறது. பின்னால் உள்ள சின்ன லைட் நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது, மினுக்கினால் இல்லை. வைஃபை பெட்டியைப் பாரின் மேலேயே வைத்திருந்தால் மூன்றடி தள்ளி வையுங்கள்.

கோளாறு 5: வாய் முன்னே, பேச்சு பின்னே

ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறீர்களா? அதுதான் காரணம், ப்ளூடூத்தில் சத்தம் வந்து சேர நேரம் பிடிக்கும். ஒயர் போடுங்கள். ஒயர் போட்டும் இருந்தால் டிவியில் ஆடியோ டிலே, லிப் சிங்க் என்று இருப்பதைப் பூஜ்யத்தில் வையுங்கள். சத்தம் முந்தி வந்தால் மட்டும் அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே ஒரு சேனலில் மட்டும் பிந்தினால் அது அவர்கள் அனுப்புவதிலேயே உள்ளது, உங்கள் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

கோளாறு 6: யாரும் பேசாதபோதும் "ம்ம்ம்" என்று இரைச்சல்

*கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டுமா?* விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இப்படித்தான் வரும். பாரை மாற்றுவதால் தீராது. ஓயாமல் கரண்ட் போகிற ஊர் என்றால் அடுத்த முறை சைன் வேவ் வாங்குங்கள்.

*எப்போதுமா?* டிஷ் அல்லது கேபிள் ஒயரைச் செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அந்த ஒயர் வழியாக வரும் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒத்துப்போகவில்லை. சிவப்பு வெள்ளை ஒயரையோ எச்.டி.எம்.ஐ.யையோ எடுத்துவிட்டு ஆப்டிக்கல் போட்டால் இரைச்சல் பாருக்குப் போகும் வழியே அடைந்துவிடும். நின்றதா, வேலை முடிந்தது.

கேபிள் ஒயரைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் பாரையும் டிவியையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிற்கலாம். ஆனால் அந்தப் பின்தான் பெட்டியில் கரண்ட் கசிந்தால் நம்மைக் காப்பாற்றுவது.

*எலக்ட்ரீஷியனை எப்போது கூப்பிட வேண்டும்:* பாரின் இரும்புப் பகுதியையோ பாக்ஸையோ தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது, ஃபிரிட்ஜ் ஆனாகும்போது இரைச்சல் கூடுகிறது, லைட் மங்கிப் பிரகாசிக்கிறது என்றால் அன்றைக்கே. எர்த் குழியில் கம்பி அரித்துப் போயிருக்கும், அல்லது மீட்டர் போர்டில் நியூட்ரல் தளர்ந்திருக்கும். உப்பு மண்ணில் இரும்பு எர்த் கம்பி சீக்கிரம் தின்றுபோகும், மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், ஓரடி தோண்டினால்தான் தெரியும். இதை டிவி மெக்கானிக்கிடம் சொல்லிப் பயனில்லை.

கோளாறு 7: கரகரப்பு, அல்லது ஏதோ அதிர்கிற சத்தம்

வால்யூம் கூட்டினால் மட்டும் வந்தால் முதலில் பாரைச் சந்தேகிக்காதீர்கள். பாட்டு ஓடும்போது ஷோகேஸ் கண்ணாடியை ஒரு கையால் அழுத்துங்கள், அப்புறம் ஜன்னல் கதவை, சுவரில் மாட்டிய படத்தை. எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். சப்வூஃபரை மரக் கட்டில், பீரோ பக்கத்தில் வைத்திருந்தால் தரைக்கு மாற்றி அடியில் ரப்பர் துண்டு வையுங்கள்.

குறைந்த வால்யூமிலும் கரகரத்தால் போனில் ப்ளூடூத் பாட்டுப் போடுங்கள். அதில் சுத்தமாக இருந்தால் ஒயர்தான், நான்காவது கோளாறுக்குப் போங்கள். அதிலும் கரகரத்தால் ஸ்பீக்கரே கெட்டிருக்கிறது. ஆடி மாதக் காற்றில் வரும் நைஸ் மணல் வலைத்துணி வழியாக உள்ளே போய்க் காயிலில் உரசும், இல்லாவிட்டால் டெர்மினல் துரு. வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அப்படியே சர்வீஸுக்கு. வாரண்டி முடிந்திருந்தால் அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக் அதே அளவு, அதே ஓம் ஸ்பீக்கர் போட்டுத் தருவார்.

பல வாரண்டி அட்டைகளில் துருவுக்கும் பூச்சிக்கும் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும், அதனால் வராமல் பார்ப்பதுதான் வழி. கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும், பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வீட்டில்தான் பார் சீக்கிரம் கெடுகிறது, தினம் ஓடுகிற பாரில் லேசான சூட்டுக்கே ஈரம் தங்காது.

கோளாறு 8: பார் நல்லது, ஆனால் ஹால் முழுக்க எதிரொலி

ஹால் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். "டண்ங்" என்று இழுத்தால் அறைதான் கோளாறு. கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், நடுவில் பிளாஸ்டிக் சேர், புதுசாகக் கட்டும் வீடெல்லாம் இப்படி. கனமான திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் துணி அல்லது புத்தக அலமாரி. இன்னும் பெரிய பார் வாங்கினால் எதிரொலிதான் பெரிதாகும்.

கோளாறு 9: தானாக அணைகிறது, அல்லது உயிரே இல்லை

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக அணைந்தால் அது ஆட்டோ பவர் ஆஃப். வால்யூம் குறைவாக இருந்தால் சத்தமே இல்லை என்று நினைத்துப் பார் தூங்கிவிடும். செட்டிங்கில் அணைக்கலாம், அல்லது டிவி வால்யூமைக் கூட்டிப் பார் வால்யூமைக் குறைத்து வையுங்கள்.

கண்டபடி அணைந்தால் அடாப்டர் பின்னை லேசாக ஆட்டிப் பாருங்கள், லைட் விட்டு விட்டு எரிந்தால் தளர்வு. புது அடாப்டர் வாங்கும்போது பழையதில் எழுதிய வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பிளஸ் மைனஸ் படம் மாறக்கூடாது.

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இன்னொரு கேள்வி வரும்: "தம்பி, துபாய்லேர்ந்து மவன் கொண்டாந்தது, இங்க ஓடுமா?" ஓடும். அங்கேயும் 230 வோல்ட்தான், பெட்டியில் 100-240 என்று போட்டிருந்தால் கவலையே இல்லை. பிளக்தான் சதுரப் பின், நம் பிளக்கில் நிற்காது. சதுரப் பின்னை நம் ஓட்டையில் திணிக்கும் மெலிந்த மாற்றுப் பிளக் போடாமல், பவர் கார்டையே நம் மூன்று பின் கார்டாக மாற்றுங்கள். இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று வாங்கும் கடையிலேயே கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், பெரும்பாலும் செல்லாது.

இடி மழைக்குப் பிறகு உயிரே இல்லை என்றால் முதலில் வேறு பிளக் பாயிண்ட், அப்புறம் அடாப்டர். அடாப்டர் போயிருந்தால் நல்ல காலம். அது நன்றாக இருந்தும் லைட் எரியவில்லை என்றால் உள்ளே போர்டு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டதும் பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், ஏனென்றால் மின்னல் பாதி நேரம் அந்த வழியாகத்தான் எச்.டி.எம்.ஐ.க்குள் வருகிறது. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

போர்டு போயிருந்தால் சர்வீஸ் சென்டரில் வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட் கேளுங்கள். புதுப் பாரின் பாதி விலையைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதே போர்டு அடுத்த மழையில் மறுபடி போகலாம். ஆனால் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் நன்றாக இருந்தால், உள்ளூர் மெக்கானிக் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு வைத்து ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்கும்படி ஆக்கித் தருவார், டிவிக்கு ஆகாவிட்டாலும் கடைக்கோ மாடி அறைக்கோ அது சில வருடம் ஓடும்.